விவசாய மானியம் வாங்கியவர் பட்டியலை ஊர் பார்க்கலாமா?

அம்பத்தூரில் குடியிருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருக்குச் சொந்த ஊர் உத்திரமேரூர் பக்கம். அப்பா பெயரில் கொஞ்சம் நிலம் இருக்கிறது, குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். அவருடைய கேள்வி: "எங்கள் கிராமத்தில் பிஎம் கிசான் பணம் (மத்திய அரசு விவசாயிக்கு நேராகத் தரும் உதவித்தொகை) யார் யாருக்கு வருகிறது என்று போனிலேயே பார்க்க முடிகிறது. ஆனால் பவர் டில்லர் மானியம் யார் வாங்கினார்கள், 2021 பயிர்க்கடன் தள்ளுபடியில் யார் பெயர் இருந்தது என்று எழுதிக் கேட்டால், 'தனிநபர் தகவல், வழங்க இயலாது' என்று பதில் வருகிறது. இது சரியா? அதே சமயம், பெயரைப் போட்டு ஊருக்கே காட்டுவது விவசாயியைக் கேவலப்படுத்துவது ஆகாதா என்றும் தோன்றுகிறது."

கூட்டுறவுத் தணிக்கையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்த அனுபவத்தை வைத்துக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

உங்களுக்கு வந்த பதில் சரியில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் பிரிவு 4(1)(பி), ஒவ்வொரு அரசு அலுவலகமும் யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டிய விவரங்களை வரிசையாகச் சொல்கிறது. அதில் 12-வது இனம் மானியத் திட்டங்களைப் பற்றியது. திட்டம் எப்படி நடத்தப்படுகிறது, எவ்வளவு தொகை ஒதுக்கப்பட்டது, பயனாளிகள் யார் என்ற விவரம் எல்லாம் அதில் வந்துவிடுகிறது. 13-வது இனம், சலுகையோ அனுமதியோ பெற்றவர்களின் விவரம். ஆக, மானியம் வாங்கியவர் பட்டியல் என்பது நீங்கள் 10 ரூபாய் வில்லை ஒட்டி, 30 நாள் காத்திருந்து வாங்க வேண்டிய பொருளே இல்லை. சட்டம் இயற்றப்பட்ட 120 நாளுக்குள் அவர்களே வெளியிட்டிருக்க வேண்டியது. தகவல் உரிமைக்கென்று இந்தியாவிலேயே முதலில் சட்டம் போட்ட மாநிலம் தமிழ்நாடு, 1997-இல். அந்த மாநிலத்தில் வட்டார அலுவலகத்தில் ஒரு பயனாளிப் பட்டியலைக் கேட்டு வாங்குவது இன்னும் போராட்டமாக இருப்பது எனக்கு மனவருத்தம்தான்.

அவர்கள் காட்டும் பிரிவு 8(1)(ஜே). அதன் பழைய வடிவம், பொதுநலனோடு எந்தத் தொடர்பும் இல்லாத தனிநபர் தகவலை மறுக்கலாம் என்றது. கூடவே, சட்டமன்றத்துக்கு மறுக்க முடியாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்கக்கூடாது என்று ஒரு பாதுகாப்பும் இருந்தது. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த இரண்டையும் எடுத்துவிட்டது. இப்போது மிச்சம் இருப்பது 'தனிநபர் தொடர்பான தகவல்' என்பது மட்டும். இந்தத் திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதனால் தகவல் அலுவலருக்கு மறுப்பது முன்பைவிடச் சுலபமாகிவிட்டது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் திருத்தம் பிரிவு 4-ஐத் தொடவில்லை. பொதுநலன் தீங்கைவிடப் பெரிதாக இருந்தால் விலக்கு பெற்ற தகவலையும் தரலாம் என்கிற பிரிவு 8(2) அப்படியே இருக்கிறது. தரக்கூடாத பகுதியை மறைத்துவிட்டு மீதியைத் தர வேண்டும் என்கிற பிரிவு 10-ம் இருக்கிறது. உங்கள் மனு இந்த மூன்றின் மேல்தான் நிற்க வேண்டும். எப்படி எழுதுவது என்று கடைசியில் சொல்கிறேன்.

அதற்கு முன், நீங்கள் கவனித்த வித்தியாசத்தைப் பற்றிப் பேச வேண்டும். அதுதான் இந்த விஷயத்தின் மையம். நம் ஊரில் மானியத் தொகை எவ்வளவு சின்னதோ அவ்வளவு வெளிச்சம் அதன் மேல் விழுகிறது. தொகை பெரிதாகப் பெரிதாகப் பெயர் மங்கிக்கொண்டே போகிறது. முறைப்படி தலைகீழாக இருக்க வேண்டும்.

பிஎம் கிசானை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணை. 2019 பிப்ரவரியில் தொடங்கியபோது 2 ஹெக்டேர் வரை நிலம் உள்ளவர்களுக்கு மட்டும் என்று இருந்தது. அதே ஆண்டு நிலம் உள்ள எல்லா விவசாயக் குடும்பத்துக்கும் விரிவாக்கினார்கள். வருமான வரி கட்டுபவர், மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வாங்குபவர், கடைநிலை ஊழியர் நீங்கலாக அரசு ஊழியர், தொழில் செய்யும் டாக்டர், வக்கீல், ஆடிட்டர் ஆகியோருக்குக் கிடையாது. அதன் இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், வட்டம், வட்டாரம், கிராமம் என்று தேர்ந்தெடுத்தால் பட்டியல் வந்துவிடும். இது நல்ல ஏற்பாடு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அந்தப் பட்டியலை உங்கள் ஊர்க்காரர் ஒருவர் கையில் கொடுத்துப் பாருங்கள். வரிசை எண், ஆங்கில எழுத்தில் ஒரு பெயர், ஆணா பெண்ணா என்ற விவரம். தகப்பன் பெயர் கிடையாது, எவ்வளவு நிலம் என்பது கிடையாது. ஊரில் நாலு முருகன், மூணு லட்சுமி இருந்தால் இது எந்த முருகன், எந்த லட்சுமி? மேலத்தெரு முருகனா, வெளியூர் போய்ப் பத்து வருஷம் ஆன முருகனா? அலுவலகம் 'நாங்கள் வெளியிட்டுவிட்டோம்' என்று சொல்லிக்கொள்ளலாம். ஊர் அதை வைத்து ஒரு தப்பையும் பிடிக்க முடியாது.

2020-இல் நடந்தது இதற்குச் சாட்சி. ஊரடங்கு நேரம். விவசாயிகள் தாங்களே இணையத்தில் பதிவு செய்துகொள்ளலாம் என்று வழி திறந்திருந்தது. பதிவுக்கு ஒப்புதல் கொடுக்க வேண்டிய அலுவலர்களின் கடவுச்சொல் கணினி மையக்காரர்கள் கைக்கும் ஒப்பந்த ஊழியர்கள் கைக்கும் போயிருந்தது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை என்று மாவட்டம் மாவட்டமாக, ஒரு சென்ட் நிலம் இல்லாதவர்கள் 'விவசாயி' ஆனார்கள். 'கொரோனா பணம் வருது' என்று சொல்லி ஆதார் நகலும் பாஸ்புக்கும் வாங்கிப் போனார்கள் என்று பல ஊர்களில் ஜனங்கள் சொன்னார்கள். அப்போது வேளாண்மைத் துறைச் செயலாளராக இருந்த ககன்தீப் சிங் பேடி, சுமார் 5.5 லட்சம் தகுதியற்றவர்கள் சேர்ந்துவிட்டார்கள், 110 கோடி ரூபாய் போயிருக்கிறது என்று சொன்னார். வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. வங்கிக் கணக்குகளிலிருந்து பணத்தைத் திரும்ப எடுத்தார்கள். பட்டியல் இணையத்தில் இருந்தது. அதில் ஏறிய பெயர்களை எந்த ஊரிலும் யாரும் வாசித்துக் காட்டவில்லை. ஒரே ஒரு கிராம சபையில் ஒலிபெருக்கியில் வாசித்திருந்தால், 'இவருக்கு ஏதுய்யா நிலம்?' என்று அங்கேயே கேட்டிருப்பார்கள்.

நாடு முழுக்க எவ்வளவு என்பதும் வெளியே வந்தது. 2021 தொடக்கத்தில் ஒரு தகவல் உரிமை மனுவுக்குக் கிடைத்த பதிலில், 20.48 லட்சம் தகுதியற்றவர்களுக்கு 1,364 கோடி ரூபாய் போயிருப்பதாக மத்திய வேளாண் அமைச்சகமே சொன்னது. அவர்களில் பாதிக்கு மேல் வருமான வரி கட்டுபவர்கள். அதே ஆண்டு ஜூலையில் நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்கு 42.16 லட்சம் பேர், 2,992 கோடி. தமிழ்நாட்டின் பங்கு 7.22 லட்சம் பேர், 340 கோடிக்கு மேல்.

இது எல்லாம் 2,000 ரூபாய் தவணையின் கதை. இதைவிடப் பெரிய பணத்துக்கு வருகிறேன், எனக்கு நன்றாகத் தெரிந்த இடம் அது.

2021 பிப்ரவரியில் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது. 16.43 லட்சம் விவசாயிகள், 12,110 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்கள், ஒருவருக்குச் சராசரியாக 73,000 ரூபாய்க்கு மேல் வரும். பிஎம் கிசானில் அந்தத் தொகை சேர 12 வருஷம் ஆகும். அதற்கு முன்னால் 2016-இல் ஒரு தள்ளுபடி, 2006-இல் ஒன்று. இந்தத் தள்ளுபடிகள் எத்தனையோ குடும்பங்களைக் கந்துவட்டியிலிருந்து காப்பாற்றியிருக்கின்றன, அதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். தள்ளுபடியே கூடாது என்று பேசுபவர்களோடு நான் சேர மாட்டேன். ஆனால் இந்த 73,000 ரூபாய்க்கு ஊர்வாரியாகப் பெயர்ப் பட்டியல் எந்தக் கூட்டுறவுச் சொசைட்டி வாசலிலும் நிலையாகத் தொங்கியதை நான் பார்த்ததில்லை.

சொசைட்டியில் ஒரு கடன் கோப்பு எப்படி இருக்கும் தெரியுமா? விண்ணப்பம், நிலம் யார் பெயரில் என்று காட்டும் சிட்டா, அதில் என்ன பயிர் என்று விஏஓ எழுதிக் கொடுத்த அடங்கல், ஜாமீன்தார் கையெழுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி. எந்தப் பயிருக்கு ஏக்கருக்கு எவ்வளவு கடன் என்று மாவட்ட அளவில் ஒரு அட்டவணை உண்டு. கரும்புக்கு அதிகம், மணிலாவுக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, குறைவு. இப்போது, நிலத்தில் மணிலா இருக்கிறது, அடங்கலில் கரும்பு என்று எழுதி வாங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்லது சவுக்கு போட்டு மூணு வருஷமாகத் திரும்பியே பார்க்காத நிலம், காகிதத்தில் நெல் விளைகிறது. தணிக்கைக்குப் போகும் எங்கள் மேசையில் அந்தக் கோப்பு குறையே இல்லாமல் இருக்கும். முத்திரை இருக்கும், கையெழுத்து இருக்கும், தொகை அட்டவணையோடு ஒத்துப்போகும். சங்கம் அந்தப் பருவத்தில் கரும்புக்குக் கடன் கொடுத்த மொத்த ஏக்கரையும், அந்தக் கிராமங்களின் அடங்கலில் உள்ள கரும்பு ஏக்கரையும் கூட்டி ஒப்பிட்டால் சில நேரம் இடிக்கும். அங்கேதான் நூல் பிடிப்போம். ஆனால் அடங்கலே பொய் என்றால் அந்த வழியும் அடைபட்டுப் போகும்.

அந்த நிலத்தில் என்ன விளைந்தது என்று சந்தேகமில்லாமல் தெரிந்தவர் ஒருவர் உண்டு. பக்கத்து வயல்காரர். வரப்பில் தினமும் நடப்பவர். அவர் கண்ணில் பட்டியல் பட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார். அவர் கண்ணில் படாதபடி பட்டியலை வைத்திருப்பதால்தான் பினாமிக் கடன் ஓடுகிறது. பெயர்கள் ஊரறிய இருக்க வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இந்தப் பக்கத்து வயல்காரர்தான். தணிக்கையாளருக்குப் பதிலாக அவரை வைக்கச் சொல்லவில்லை. அவருடைய கண் இல்லாமல் தணிக்கை பாதிக் குருடு என்று சொல்கிறேன்.

சொசைட்டியில் கேட்டால், 'கூட்டுறவுச் சங்கம் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வராது' என்று ஒரு பதில் தயாராக இருக்கும். 2013-இல் கேரளாவின் தளப்பலம் கூட்டுறவு வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் அரசின் கணிசமான நிதியில் இயங்காத சங்கங்களைப் பற்றி அப்படித்தான் சொன்னது. ஆனால் அதே தீர்ப்பு இன்னொன்றும் சொன்னது. கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளர் பொது அதிகார அமைப்பு. சட்டப்படி சங்கத்திடம் அவர் கேட்டு வாங்கக்கூடிய தகவலை, விலக்கு பெற்றது தவிர, அவர் குடிமகனுக்குத் தர வேண்டும். அதோடு தள்ளுபடித் தொகையைச் சங்கத்துக்கு ஈடுகட்டுவது மாநில அரசு. அதற்கான பட்டியல் துணைப்பதிவாளர், இணைப்பதிவாளர் வழியாகக் கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் பதிவாளர் அலுவலகம் வரை போகிறது. எனவே சொசைட்டிச் செயலாளரிடம் மல்லுக்கட்ட வேண்டாம், சரகத் துணைப்பதிவாளரிடம் கேளுங்கள். சங்கத்தின் மேல் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் 81-வது பிரிவில் விசாரணை நடந்திருந்தால் அந்த அறிக்கையையும் கேளுங்கள். 87-வது பிரிவில் தண்டத்தீர்வை, அதாவது நஷ்டத்தை அதற்குப் பொறுப்பானவரிடம் வசூலிக்கும் உத்தரவு, போட்டிருந்தால் யார் மேல், எவ்வளவு என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இயந்திர மானியம், சொட்டுநீர் மானியம் இன்னொரு ரகம். நுண்ணீர்ப் பாசனத்தில் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் மானியம். இங்கே பணம் விவசாயி கைக்கு வருவதில்லை, பொருத்திக் கொடுத்த நிறுவனத்துக்குப் போகிறது. விவசாயியின் பெயர் பயனாளி, பணத்தின் முகவரி வேறு. குழாய் பதித்துப் படம் எடுத்து ஏற்றிய மறுவாரம் குழாயைச் சுருட்டி வைத்துவிட்டார்கள் என்ற பேச்சைக் கிராமங்களில் யாரும் கேட்டிருக்கலாம். ஊருக்குத் தெரிய வேண்டியது பயனாளி பெயர் மட்டும் இல்லை. எந்த நிறுவனம் பொருத்தியது, எத்தனை ஏக்கருக்கு, எவ்வளவு பில் என்பதும் வேண்டும். அப்போதுதான் ஒரே வட்டாரத்தில் ஒரே விற்பனையாளருக்கு எவ்வளவு போயிருக்கிறது என்று கூட்டிப் பார்க்க முடியும்.

இன்னும் மேலே போனால் உரம். 2024-25 மத்திய பட்ஜெட்டில் பிஎம் கிசானுக்கு ஒதுக்கியது 60,000 கோடி. உர மானியத்துக்கு 1.64 லட்சம் கோடி. இந்தப் பணம் முழுக்க உர நிறுவனங்களுக்குப் போகிறது, கடையில் விவசாயி கைரேகை வைத்து மூட்டை வாங்கியதும் நிறுவனத்தின் கணக்கில் மானியம் ஏறும். 45 கிலோ யூரியா மூட்டை நமக்கு 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைப்பது இதனால்தான், அது தேவையான மானியமும்கூட. ஆனால் நம் தெருமுனை டீக்கடையில் 'மானியம்' என்று பேச்சு வந்தால் 2,000 ரூபாய் வாங்கும் கிழவரைப் பற்றித்தான் பேசுவோம்.

இலவச மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாக. மாநிலத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகள். பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் இல்லை. யாருக்கு எவ்வளவு போகிறது என்று மின்வாரியத்துக்கே கணக்குத் தெரியாதபோது வெளியிடச் சொல்லி என்ன பயன்? மூணு இணைப்பு வைத்திருப்பவரும், கிணறே இல்லாத மானாவாரி விவசாயியும் அந்தக் கணக்கில் ஒரே இருட்டில்தான் இருக்கிறார்கள்.

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி. பெயரைப் போடுவது கேவலப்படுத்துவது ஆகாதா?

இதை லேசாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. மானியம் பிச்சை இல்லை, அது நாடு விவசாயிக்குச் செய்யும் பொறுப்பு. ஆனாலும் ஊரில் ஒருவர் பெயர் பலகையில் ஏறினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். கட்சிக்காரர் பங்கு கேட்கலாம். பழைய கடனுக்காக ஒருவர் அன்றைக்கே வாசலில் வந்து நிற்கலாம். இப்போது போன் மோசடிக்காரர்கள் வேறு. 'பிஎம் கிசான் செயலியை இறக்குங்கள்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பை அனுப்பி, தொட்டதும் வங்கிக் கணக்கைத் துடைத்துவிடுகிறார்கள். 2022-இல் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர், பிஎம் கிசான் தளத்தின் ஒரு பகுதியிலிருந்து விவசாயிகளின் ஆதார் எண்கள் கசிவதைக் கண்டுபிடித்துச் சொன்னார். வெளிப்படைத்தன்மை என்ற பெயரில் இந்த மாதிரி விவரங்கள் ஒருபோதும் வெளியே வரக்கூடாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது விவசாயிக்கும் சேர்த்துத்தான்.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாவின் பெயர், வேலை அட்டை எண், எத்தனை நாள் வேலை, எவ்வளவு கூலி என எல்லாம் பல வருஷமாக இணையத்தில் இருக்கிறது. தொகுப்பு வீட்டுச் சுவரில் பெயரும் தொகையும் பெயிண்டில் எழுதப்பட்டிருக்கும். அந்த நேரத்தில் எந்த அலுவலரும் 'தனிநபர் தகவல்' என்று தடுக்கவில்லை. டிராக்டர் வாங்கியவர் பட்டியல் கேட்டதும்தான் அந்தரங்கம் ஞாபகம் வருகிறது. ஏழைக்கு இல்லாத மறைப்பு வசதியுள்ளவருக்கு மட்டும் கிடைப்பதை எப்படி ஏற்றுக்கொள்வது?

இந்தச் சண்டையை ஐரோப்பா முழுசாகப் போட்டு முடித்திருக்கிறது, அவர்கள் கண்ட வழி நமக்கு உதவும். அங்கே ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நிதியிலிருந்து பெரும் தொகை விவசாய மானியமாகப் போகிறது. யாருக்கு என்று பல காலம் வெளியே தெரியாது. 2004-இல் டென்மார்க்கிலும் 2005-இல் பிரிட்டனிலும் பத்திரிகையாளர்களும் ஆர்வலர்களும் தகவல் உரிமையைப் பயன்படுத்திப் பட்டியல்களை வெளியே கொண்டுவந்தார்கள். பார்த்தால், பிரிட்டனில் முன்வரிசையில் இருந்தது பெரிய சர்க்கரை நிறுவனமும் பிரபுக்களின் எஸ்டேட்டுகளும். அப்புறம் ஒன்றியமே எல்லாப் பெயரையும் வெளியிட வேண்டும் என்று 2008-இல் விதி போட்டது. ஜெர்மனியின் ஹெஸ்ஸன் மாநிலத்தில் ஒரு பண்ணைக் கூட்டு நிறுவனமும் ஒரு விவசாயியும் வழக்குப் போட, 2010 நவம்பரில் லக்ஸம்பர்க்கில் உள்ள ஒன்றிய நீதிமன்றம், தனிநபர் விவசாயிகளின் பெயரை அளவு பார்க்காமல் மொத்தமாக வெளியிடுவது செல்லாது என்று தீர்ப்பளித்தது. நிறுவனங்களுக்கு அந்த விலக்கு இல்லை. அதற்குப் பிறகு 2013-இல் புது விதி. ஆண்டுக்கு ஒரு சிறு தொகைக்கு உள்ளே வாங்குபவர்களின் பெயரை மறைத்துவிட்டு, அதற்கு மேல் வாங்குபவர்கள் பெயரைத் தொகையோடு வெளியிட வேண்டும் என்று அது சொல்கிறது. அந்த எல்லை அதிகபட்சம் 1,250 யூரோ. விவரம் இரண்டு ஆண்டு வரை இணையத்தில் இருக்கும்.

சிறியவருக்கு நிழல், பெரியவருக்கு வெளிச்சம். நமக்கும் இதுதான் பொருத்தம். ஒரே ஒரு திருத்தம் சொல்வேன்: சிறு தொகைப் பட்டியலை உலகம் முழுக்கத் தெரியும்படி இணையத்தில் போட வேண்டியதில்லை, ஆனால் ஊராட்சி அலுவலகச் சுவரிலும் கிராம சபையிலும் கட்டாயம் இருக்க வேண்டும். தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் அந்த ஊர்க்காரர்கள். பெரிய தொகை, நிறுவனங்களுக்குப் போகும் தொகை, இயந்திர மானியம், தள்ளுபடி எல்லாம் இணையத்தில், தேடக்கூடிய வடிவத்தில், தமிழில். தகப்பன் அல்லது கணவர் பெயர், ஊர், திட்டம், ஏக்கர், தொகை, ஆண்டு, பொருள் கொடுத்த நிறுவனம் போதும். ஆதார், போன் நம்பர், வங்கிக் கணக்கு, சாதி எதுவும் வேண்டாம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. நூறு நாள் வேலைக்குச் சமூகத் தணிக்கை செய்து பழகிய மாநிலம் இது. விவசாய மானியத்துக்கும் அதையே செய்வதற்குப் புதுச் சட்டம் ஒன்றும் தேவையில்லை, ஓர் அரசாணை போதும்.

நீங்கள் சென்னையில் இருந்துகொண்டு கேட்பதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பட்டியல் முழுக்கச் சரியாக இருந்தும் நியாயம் இல்லாமல் இருக்கலாம். பிஎம் கிசான் பட்டாவைப் பார்த்துத்தான் கொடுக்கப்படுகிறது. உழுபவர் யார் என்று அது கேட்பதில்லை. மாம்பலத்திலும் அண்ணா நகரிலும் இருக்கும் எத்தனையோ குடும்பங்களுக்குச் செங்கல்பட்டிலோ தஞ்சாவூரிலோ பட்டா இருக்கிறது. விதிவிலக்கில் சிக்காதவர்களுக்குத் தவணை சட்டப்படியே வருகிறது. அந்த நிலத்தில் நாற்று நட்டு, மழையில் பயிர் சாய்ந்தால் நஷ்டப்படும் குத்தகைக்காரருக்கு ஒரு பைசா கிடையாது. டெல்டாவில் கோயில் நிலமும் மடத்து நிலமும் உழுபவர்கள் கதையும் அதுதான். குத்தகைதாரர் உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே தமிழ்நாடு சட்டம் போட்டிருக்கிறது. ஆனால் நிலத்தை விட்டுக் காலி பண்ணச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் பதிவு செய்யப் போகிறவர்கள் குறைவு. பெயர்ப் பட்டியல் பக்கத்திலேயே 'சாகுபடி செய்பவர்' என்று ஒரு கட்டம் இருந்தால் இந்த அநியாயம் கண்ணுக்குத் தெரியும். அமெரிக்காவில் என்விரான்மென்டல் ஒர்க்கிங் குரூப் என்ற அமைப்பு மானியப் பட்டியலை ஊர்வாரியாக வெளியிட்டபோது, பெருநகரங்களில் குடியிருப்பவர்களுக்கு எவ்வளவு விவசாயப் பணம் போகிறது என்பதும் அப்படித்தான் தெரிந்தது.

இனி மனு. 'யார் முறைகேடு செய்தார்கள்' என்று கேட்காதீர்கள், அது தகவல் இல்லை, கருத்து. ஆவணத்தைக் கேளுங்கள். "இன்ன வட்டாரம், இன்ன கிராமத்தில், 2021-22 முதல் இன்று வரை, இன்ன திட்டத்தில் மானியம் பெற்ற பயனாளிகளின் பெயர், தகப்பன்/கணவர் பெயர், மானிய இனம், பரப்பு, தொகை, வழங்கிய நாள், பொருள் வழங்கிய நிறுவனம் அடங்கிய பதிவேட்டின் நகல்" என்று எழுதுங்கள். கீழே, "இது பிரிவு 4(1)(பி)-யின் 12-வது இனத்தின்படி தாமாக வெளியிடப்பட வேண்டிய தகவல். ஆதார், வங்கிக் கணக்கு, கைப்பேசி எண்களைப் பிரிவு 10-இன்படி மறைத்துத் தரலாம். பிரிவு 8(2)-இன்படியும் பொதுநலன் கருதிக் கோருகிறேன்" என்று சேருங்கள். அந்த மறைத்துத் தரும் வரி முக்கியம். அதை எழுதியிருந்தால் 'தனிநபர் தகவல்' என்று ஒரே வரியில் கதவைச் சாத்துவது கஷ்டம். எதற்குக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை.

விதை, இடுபொருள் என்றால் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகம். பவர் டில்லர், டிராக்டர் என்றால் வேளாண்மைப் பொறியியல் துறை. தோட்டப் பயிருக்குச் சொட்டுநீர் என்றால் தோட்டக்கலை உதவி இயக்குநர். அலுவலகம் மாறிப்போனாலும் பரவாயில்லை, 5 நாளுக்குள் அவர்களே உரிய இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும். நகல் தர மறுத்தால் கோப்பை நேரில் பார்க்கக் கேளுங்கள், அதுவும் சட்டம் கொடுத்த உரிமைதான். ஊர்க்காரர்கள் ஒரு நாள் கூலியை விட்டு வர வேண்டியிருக்கும். நீங்கள் சேப்பாக்கத்தில் இருக்கும் வேளாண்மை இயக்ககத்துக்கு ஒரு பஸ் ஏறிப் போகலாம்.

30 நாளில் பதில் வராவிட்டாலோ, மறுத்தாலோ, அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அங்கேயும் நடக்கவில்லை என்றால் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு. ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது, இதிலும் கிராமத்துக்காரரைவிட உங்களுக்குத் தோது அதிகம். தாமதமாகும், பொறுமை வேண்டும்.

ஒன்றே ஒன்று. மனு அனுப்பும் முன் உங்கள் அப்பா பெயர் பிஎம் கிசான் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அவர் மாதம் 10,000 அல்லது அதற்கு மேல் ஓய்வூதியம் வாங்குபவராகவோ, வருமான வரி கட்டுபவராகவோ இருந்தால் அந்தப் பணம் அவருக்கு உரியது இல்லை. தாமாகவே திட்டத்திலிருந்து விலகவும், வாங்கியதைத் திருப்பிக் கட்டவும் அதே தளத்தில் வழி இருக்கிறது. அதை முதலில் முடித்துவிடுங்கள். நீங்கள் பட்டியல் கேட்டீர்கள் என்று ஊருக்குத் தெரிந்த அன்றைக்கு எல்லாரும் தேடப் போவது உங்கள் வீட்டுப் பெயரைத்தான்.